திரும்பி வந்தவர் சொல்



சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். கல்லூரிப் படிப்பை முடித்தவர். கையில் ஒரு நியமனக் கடிதம் வைத்திருந்தார். வடக்கே ஒரு நகரத்திலிருந்து அவருக்கு வேலை வந்திருந்தது. சம்பளம் எவ்வளவு, விடுமுறை எத்தனை நாள், எத்தனை ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும் என்பனவெல்லாம் அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. "சேரலாமா, ஐயா?" என்று கேட்டார். நான் கடிதத்தை இரு முறை படித்துவிட்டு, "தம்பி, இந்த வேலையில் உனக்கு முன்பு இருந்தவர் யார்? அவர் ஏன் விலகினார்? அவரைப் பார்த்துக் கேட்டாயா?" என்றேன். அவர் சற்றே திகைத்தார். "அப்படிக் கேட்பது முறையாகுமா, ஐயா? ஒருவரை நம்பி வேலைக்குப் போகும்போது, அவரைப் பற்றிப் பிறரிடம் விசாரிப்பது அவரை அவமதிப்பது ஆகாதா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் அன்று சரியாக விடை கூறவில்லை. வரலாறு கற்பித்தவன் ஆதலால், அவர் சென்ற பிறகு என் நினைவு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சென்றது. நம் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து வேலைக்குப் போன எளிய மக்களின் நினைவு வந்தது. "முன்பு இருந்தவரைக் கேட்டாயா?" என்னும் கேள்வியை அக்காலத்தில் ஓர் அரசாங்கமே கேட்டது, விடை கிடைக்கும் வரையில் கப்பலை அனுப்ப மறுத்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு அது பேரிடியாகத் தோன்றிற்று. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன் பழைய ஆண்டையிடமே அதே கரும்புக் கொல்லையில் உழைக்க விரும்புவானா? ஆகவே தோட்டக்காரர்கள் இந்தியாவை நோக்கினார்கள். இங்கே ஆள் இருந்தது. பஞ்சமும் கடனும் இருந்தன. விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கையெழுத்தோ கைந்நாட்டோ பெற்று ஆளை அழைத்துச் செல்லும் முறை தோன்றியது. ஒப்பந்தக் கூலி முறை என்று நாம் நூல்களில் படிப்பது இதுவே. மொரீஷியஸ் தீவு முதலில் வழிகாட்டியது. மேற்கிந்தியத் தீவுகள் தொடர்ந்தன.

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள நேட்டாலும் இந்த வரிசையில் சேர்ந்தது. அங்கே குடியேறிய வெள்ளையர் கரும்பு பயிரிட்டார்கள். ஆனால் அந்நாட்டுக் குடிகளான சூலு மக்களுக்குச் சொந்த நிலமும் கால்நடையும் இருந்தமையால், தோட்டத்தில் குறைந்த கூலிக்கு ஆண்டு முழுதும் அடங்கி வேலை செய்ய அவர்கள் முன்வரவில்லை. 1859ஆம் ஆண்டில் நேட்டால் அரசாங்கம் இந்தியாவிலிருந்து ஆள் தருவிக்கச் சட்டம் இயற்றியது. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். தமிழும் தெலுங்கும் பேசிய மக்களே அவர்களில் பெரும்பாலோர்.

அவர்களுக்கு என்ன சொல்லி அழைத்துச் சென்றார்கள்? மாதக் கூலி பத்து ஷில்லிங். அதாவது அக்கால மதிப்பில் ஐந்து ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஷில்லிங் உயர்வு. அரிசியும் பருப்பும் உப்பும் எண்ணெயும் முதலாளி தருவார். குடியிருக்க இடம் உண்டு. நோய் வந்தால் மருத்துவம் உண்டு. ஒப்பந்தக் காலம் விரைவில் ஐந்தாண்டு என்று நிலைபெற்றது. பத்தாண்டு அந்த நாட்டில் இருந்தால், திரும்பி வரக் கப்பற் கட்டணம் இலவசம்.

இவற்றில் பொய் எது என்று கேட்டால், தாளில் எழுதியிருந்தவற்றுள் பெரும் பொய் என்று எதையும் காட்ட முடியாது. இதை நீங்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் பாடநூல்களில் ஒப்பந்தக் கூலிகளை ஏமாற்றினார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தேன். ஆள்பிடிப்போர் பொய் சொன்னார்கள் என்பது மெய்தான். ஆனால் பத்து ஷில்லிங் என்று எழுதிய தாள் பொய் சொல்லவில்லை. அந்தப் பத்து ஷில்லிங்கிலிருந்து எதற்கெல்லாம் பிடித்தம் செய்வார்கள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. நோயில் படுத்தவனை மேற்பார்வையாளன் எப்படி நடத்துவான் என்பதைச் சொல்லவில்லை. குறை உண்டானால் யாரிடம் முறையிடுவது, முறையிட்டவனுக்கு என்ன நேரும் என்பதையும் சொல்லவில்லை. இவற்றை எந்த ஒப்பந்தத் தாளும் சொல்லாது. அங்கே உழைத்தவன் வாய்தான் சொல்லும்.

அங்கே உழைத்தவனை எங்கே போய்க் கேட்பது? 'டுரூரோ'வில் ஏறியவர்களுக்கு முன்னே நேட்டாலுக்கு இவ்வாறு போய் உழைத்துத் திரும்பியவர் எவரும் இலர். அவர்களே முதல்வர். அதற்குப் பின்னர்ச் சென்றவர்கள் நிலையும் அதுவே ஆயிற்று. 1860 முதல் 1866 வரை ஏறத்தாழ 6,400 பேர் இந்தியாவிலிருந்து சென்றார்கள். இலவசக் கட்டணத்தில் திரும்பப் பத்தாண்டு கழிய வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த ஆறு ஆண்டுகளில், அங்கிருந்து வந்து "இப்படி இருக்கிறது அப்பா" என்று ஊர் மந்தையில் உட்கார்ந்து சொல்லக்கூடியவர் ஏறக்குறைய ஒருவரும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடிதம் எழுதுவதும் எளிதன்று. போனவர்களைப் பற்றி ஊரில் பேசியவர்கள் ஆள்பிடிப்போரே. தலைக்கு இவ்வளவு என்று பணம் பெற்றவர்கள் அவர்கள். திரும்பும் உரிமைக்குப் பத்தாண்டு என்று வரையறுத்தவர்கள் பேச்சைத் தடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்று நான் கூற மாட்டேன். கப்பற் செலவை மிச்சப்படுத்துவதே அவர்கள் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் விளைவு ஒன்றுதான்.

இதற்கு முன்பே மொரீஷியஸ் விஷயத்தில் கல்கத்தாவில் ஓர் அனுபவம் ஏற்பட்டிருந்தது. 1838ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஒரு விசாரணைக் குழு, மொரீஷியஸிலிருந்து மீண்டவர்களை நேரில் வரவழைத்து வாக்குமூலம் வாங்கியது. அவர்கள் ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்று குழுவின் பெரும்பான்மையினர் 1840இல் அறிக்கை தந்தனர். உறுப்பினர்களுள் மாறுபட்டவரும் இருந்தனர். 1839இல் விதித்த தடை 1842இல் மொரீஷியஸ் அளவில் நீங்கியது. சர்க்கரை வாணிகத்தின் கை அவ்வளவு நீளமானது.

நேட்டாலுக்கு மீண்டும் வருவோம். 1866ஆம் ஆண்டில் அந்நாட்டில் வாணிகம் வீழ்ச்சியுற்றது. ஆள் தருவிப்பதும் நின்றது. பின்னர்த் தோட்டங்கள் செழித்தன. மீண்டும் ஆள் தேவைப்பட்டது. சரியாக அந்தச் சமயத்தில், 1871ஆம் ஆண்டில், பத்தாண்டு முடித்த முதற் கூட்டத்தார் தாயகம் திரும்பினார்கள். அவர்களை ஏற்றி வந்த கப்பல்களில் ஒன்றன் பெயர் 'ரெட் ரைடிங் ஹூட்'. பாட்டியைக் காணச் சென்று ஓநாயிடம் அகப்பட்ட சிறுமியின் கதையை ஆங்கிலக் குழந்தைகள் அறிவார்கள். அந்தச் சிறுமியின் பெயர்தான் அது. கப்பலுக்குப் பெயரிட்டவர் இத்தகைய பயணிகளை நினைத்துப் பெயரிட்டிருக்க மாட்டார்.

சென்னையில் இறங்கியவர்களை அதிகாரிகள் விசாரித்தார்கள். அவர்கள் சொன்னவை எழுத்தில் பதிவாயின. அவர்கள் வெறுமனே "கஷ்டப்பட்டோம்" என்று அழவில்லை, கணக்குச் சொன்னார்கள். நோயால் வேலைக்கு வராத நாளுக்கும் கூலி பிடித்தார்கள், வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலியை வெட்டினார்கள், மாதக் கூலியை மாதந்தோறும் தராமல் நிலுவை வைத்தார்கள், அடித்தார்கள், முறையிடச் சென்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வந்த குற்றத்துக்காக முறையிட்டவனையே தண்டித்தார்கள் என்பன அவர்களுடைய புகார்கள். பத்தாண்டு முடிவில் வெகுமதிப் பணம் உண்டு என்று புறப்படும்போது சொன்னார்களே, அது எங்கே என்றும் கேட்டார்கள்.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் இந்தப் புகார்களின் அமைப்பு என்னைக் கவர்கிறது. படிப்பறியாத மக்கள் சொன்னவை இவை. ஆயினும், ஒரு வேலையைப் பற்றி அறிய விரும்புகிறவன் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் இவற்றுள் அடங்கியிருக்கின்றன. சொன்ன கூலி கைக்கு வந்து சேர்ந்ததா? எந்தத் தேதியில் வந்தது? எதற்குப் பிடித்தம்? நோய் வந்தவனை என்ன செய்தார்கள்? முறையிட்டவன் கதி என்ன? போகும்போது தருவதாகச் சொன்னதைத் தந்தார்களா? "முதலாளி நல்லவரா?" என்று கேட்டால் விடை சொல்பவரின் மனநிலையைப் பொறுத்து மாறும். "ஒரு நாள் வராவிட்டால் எத்தனை நாள் கூலி போகும்?" என்று கேட்டால் விடை மாறாது.

இந்த வாக்குமூலங்களைப் படித்த இந்திய அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. குறைகள் நீங்கும் வரையில் நேட்டாலுக்கு ஓர் ஆளும் அனுப்பப்பட மாட்டான் என்று அறிவித்தது. அதுவும் ஆங்கிலேய அரசாங்கந்தான், தோட்டக்காரரும் ஆங்கிலேயரே. ஆயினும் திரும்பி வந்தவன் சொல் ஏட்டில் ஏறிவிட்ட பிறகு அதனை ஒதுக்கிவிட முடியவில்லை. நேட்டால் அரசாங்கம் 1872ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. அரசாங்கத் தலைமை வழக்கறிஞரான காலவே என்பவர் அதில் ஒருவர். புகார்களில் பலவற்றுக்கு ஆதாரம் உண்டு என்பதைக் கமிஷன் மறுக்க முடியவில்லை. கசையடி கொடுக்க இடம் தந்த சட்டப் பிரிவை நீக்க வேண்டும் என்றது. இந்தியக் குடியேற்றத்தாருக்குப் பாதுகாவலர் என்று தனியே ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும்; அவர் இந்தியர் மொழி அறிந்தவராக இருக்க வேண்டும் என்றது. அவ்வாண்டிலேயே புதிய சட்டம் வந்தது. அதன் பின்னரே, 1874ஆம் ஆண்டில், கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன.

முன்பு வேலை பார்த்தவர்களின் வாய்ச்சொல் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றியது. இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு இங்கே நிற்கவில்லை.

சட்டம் மாறிய நேட்டாலில் கசையடி அடியோடு ஒழிந்ததா? இல்லை. இரட்டைக் கூலி வெட்டும் பிற்காலத்தில் தொடர்ந்தது. 1895ஆம் ஆண்டில், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குபவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்று புதிய சுமையும் ஏற்றப்பட்டது. இருந்தும் மக்கள் போய்க்கொண்டே இருந்தனர். 1860 முதல் 1911 வரை 384 கப்பற் பயணங்களில் 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றதாகக் கணக்கு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். திரும்பியவர்கள் சொல் அவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருந்தும், ஏன் இத்தனை பேர் போனார்கள்?

அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடம் அரசாங்க அலுவலகம். வட ஆர்க்காட்டுக் கிராமத்துச் சேரி அன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தில், குழந்தைக்குக் கஞ்சியில்லாத ஒருவனிடம், நேட்டாலிலிருந்து வந்தவனைத் தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போ என்று யார் சொல்வது? விசாரித்து முடிவு செய்வதற்குக்கூடச் சிறிது சோறும் சிறிது காலமும் வேண்டும். சட்டப்படி ஒரு மாஜிஸ்திரேட்டு அவனை அழைத்து, "மனமாரத்தான் போகிறாயா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். போகிறேன் என்பான். அந்தக் கேள்வியோடு ஊரறிந்த ஒரு பழைய கூலியையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் விடை வேறாக இருந்திருக்குமோ என்னவோ.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர் எல்லாரும் குறையே சொன்னார்கள் என்பதில்லை. சேமித்த பணத்தோடு வந்தவர் இருந்தனர். ஊரில் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன், கடல் கடந்த நாட்டில் சற்றே நிமிர்ந்து நடந்ததைச் சொல்லியிருப்பான். திரும்பி வந்து, ஊரில் தனக்கு இடமில்லை என்று கண்டு மீண்டும் கப்பலேறியவரும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து நேட்டாலிலேயே தங்கிக் காய்கறி பயிரிட்டும் கடை வைத்தும் தலையெடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் டர்பன் நகரில் வாழ்கிறார்கள். ஆகவே ஒருவர் சொல்லை மட்டும் கேட்டவன் அரை உண்மையையே பெற்றான். தோற்றுத் திரும்பியவனையும் வென்று திரும்பியவனையும் சேர்த்துக் கேட்டவனுக்கே முழு உருவம் தெரிந்திருக்கும்.

இனி, நேட்டாலை விட்டு நமக்கு மிக அருகில் உள்ள இலங்கைக்கு வருவோம். அங்கே காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தமிழர்களை அழைத்தவன் முகந்தெரியாத ஆள்பிடிப்போன் அல்லன், கங்காணி. தானே தோட்டத்தில் உழைத்தவன்; திருச்சியோ சேலமோ இராமநாதபுரமோ, அதே ஊரைச் சேர்ந்தவன்; பெரும்பாலும் உறவினன். ஊராருக்கு அவன் மாமன் அல்லது சித்தப்பன். நேட்டால்காரனுக்குக் கிடைக்காத பேறு இவனுக்குக் கிடைத்தது. வேலையை நேரில் அறிந்தவன் வீட்டுத் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்து விவரம் சொல்கிறான். கேட்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தக் கங்காணி தோட்டத்தை விட்டு விலகியவன் அல்லன். துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவன். அவன் கொண்டுசெல்லும் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. வழிச்செலவும் துணிச்செலவும் ஊரில் கொடுத்துவிட்டு வந்த கடனும் ஆளின் பேரில் ஏறும். இவ்வளவு கடன், இதைத் தீர்த்தால் ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுத்த தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தாளோடு ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறினார்கள். 1921ஆம் ஆண்டில்தான் சட்டம் அதை ஒழித்தது. கங்காணிகள் எல்லாரும் வஞ்சகர் என்று கூறுவது பொருந்தாது. தன் ஆட்களுக்காகத் துரையிடம் வாதாடிய கங்காணிகளும் இருந்தார்கள். எனினும், நீ வந்தால் எனக்குக் காசு, வராவிட்டால் எனக்கு நட்டம் என்ற நிலையில் இருப்பவன் சொல்லும், எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டவன் சொல்லும் ஒரே தராசில் நிற்கமாட்டா. உறவுமுறை இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டது.

முதலாளிகள் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்குக் காந்தியடிகள் வரலாறே சான்று. 1894ஆம் ஆண்டில், டர்பனில் அவர் வழக்கறிஞர் தொழில் தொடங்கிய சில மாதங்களில், பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவரிடம் வந்தார். கிழிந்த உடை, முன்பற்கள் உடைந்து வாயில் இரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி அடித்த அடி அது. காந்தியடிகளின் தமிழ்க் குமாஸ்தா விவரத்தை மொழிபெயர்த்துச் சொன்னார். மருத்துவரின் சான்றிதழுடன் மாஜிஸ்திரேட்டிடம் சென்று, பாலசுந்தரத்தை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிடச் செய்தார் காந்தியடிகள்.

இரண்டு ஆண்டு கழித்து அவர் இந்தியா வந்தபோது, நேட்டால் இந்தியரின் நிலையை ஒரு சிறு நூலாக எழுதி இராஜகோட்டையில் வெளியிட்டார். பச்சை அட்டை போட்டிருந்தமையால் அதற்குப் பச்சைப் பிரசுரம் என்று பெயர் ஏற்பட்டது. 1896 அக்டோபர் 26ஆம் நாள் சென்னையில் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரத்தின் கதை சென்னை மக்களை உருக்கியது. நேட்டாலில் தாம் முன்பே கூறியவற்றைவிடக் கடுமையாக அவர் இங்கே எதையும் கூறிவிடவில்லை. ஆனால் அந்நூலின் சாரம் என்று இரண்டு மூன்று வரித் தந்திச் செய்தி ஒன்று நேட்டாலை எட்டியது. நூலைப் படியாதவர்கள் தந்தியைப் படித்துக் கொதித்தார்கள். கப்பல் நிறைய இந்தியரைக் கொண்டுவந்து குவிக்கப் போகிறார் என்ற வதந்தியும் சேர்ந்துகொண்டது. 1897 ஜனவரி 13ஆம் நாள் டர்பனில் கரையிறங்கிய அவரை ஒரு வெள்ளையர் கூட்டம் கல்லாலும் அழுகிய முட்டையாலும் எறிந்து உதைத்தது. அவ்வழியே வந்த போலீஸ் தலைமை அதிகாரியின் மனைவி தம் குடையை விரித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ அறியோம். உள்ளே நடப்பதை வெளியே வந்து சொல்லுகிறவனுக்கு இவ்வளவு விலை இருந்தது. இந்நிகழ்ச்சியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், நூலைப் படியாமல் தந்தியை நம்பியவர்களைப் பற்றியும் மாணவர்களிடம் கேட்பேன். நேரில் கண்டவன் பத்துப் பக்கம் சொன்னது, கைமாறி இரண்டு வரியாக வரும்போது வேறொன்றாகிவிடுகிறது.

ஒப்பந்த முறையின் இறுதிக் காலத்தில், அதில் உழைத்தவர் ஒருவரே நூலாசிரியர் ஆனார். தோதாராம் சனாத்யா என்பவர் 1893ஆம் ஆண்டில் அலகாபாத்தில் ஆள்பிடிப்போன் ஒருவனிடம் அகப்பட்டுப் பிஜித் தீவுக்குச் சென்றார். இருபத்தோர் ஆண்டு கழித்து 1914இல் திரும்பினார். அவர் சொல்லச் சொல்லப் பனாரசிதாஸ் சதுர்வேதி இந்தியில் எழுதினார். அந்த நூல் விரைவில் பரவியது. பிஜிக்குப் போவது என்றால் என்ன என்பதை, போகாதவன் முதன்முதலாகப் போனவன் வாயாலேயே விரிவாகக் கேட்டான். நம் பாரதியார் அத்தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாடியதும் இக்காலத்திற்கு உரியதே. ஆண்ட்ரூஸும் பியர்சனும் 1915இல் பிஜி சென்று விசாரித்து அறிக்கை தந்தார்கள். 1917ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது இந்தியாவில் நிறுத்தப்பட்டது. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் நாள் ரத்தாயின.

என் மாணவர் கேட்ட கேள்விக்கு என் வாழ்க்கையிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பயிற்சி முடித்து 1983ஆம் ஆண்டில் நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சிற்றூரில் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. என் தந்தையார் விவசாயி. அதிகம் படித்தவர் அல்லர். "மாடு வாங்கினாலே பழைய சொந்தக்காரனைக் கேட்கிறோம், போய்க் கேட்டுவிட்டு வா" என்றார். அந்தப் பள்ளியில் வரலாறு கற்பித்துவிட்டு விலகிய ஆசிரியர் பக்கத்து ஊரில் எழுதுபொருட் கடை வைத்திருப்பதாக அறிந்து, கூச்சத்தோடு சென்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். கடையில் ஆள் போகும் வரையில் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "பேரேட்டில் அறுநூற்றைம்பது ரூபாய்க்குக் கையெழுத்து வாங்குவார்கள், கையில் நானூறு தருவார்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஏன் என்று கேட்டதால் நான் இங்கே இருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். நூலகம் இந்தத் தாலுகாவிலேயே சிறந்தது. சாவியை உங்களிடமே கொடுத்துவிடுவார்கள்."

நான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். வீட்டில் தங்கை திருமணத்திற்கு இருந்தாள், வேறு வழியில்லை. ஆனால் நானூறு ரூபாய்க்கு மேல் கடன் வாங்காமல் வாழத் திட்டமிட்டுச் சென்றேன். கோடைக்கென்று மாதந்தோறும் சிறிது எடுத்து வைத்தேன். கையெழுத்திட்ட தொகையையும் பெற்ற தொகையையும் ஒரு குறிப்பேட்டில் மாதந்தோறும் எழுதினேன். அந்த நூலகத்தில்தான், இன்று உங்களுக்குச் சொன்ன இந்த வரலாற்றின் முதல் நூலைப் படித்தேன். மூன்றாம் ஆண்டில் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்து விலகினேன்.

விலகிய சில வாரங்களில், மிதிவண்டியில் ஓர் இளைஞர் என் வீட்டைத் தேடி வந்தார். என் இடத்திற்கு அவரை அழைத்திருந்தார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஏதேதோ பேசினார். உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, அந்தக் குறிப்பேட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நூலகத்தின் சாவி எந்த மேசை அறையில் இருக்கும் என்பதையும் சொன்னேன்.